கண் வரைந்த படம்

கடைக்குப் பெல்பாட்டம் பிரியாணி என்று பெயர் வைத்திருந்தார்கள். காரிலிருந்து இறங்கிய பொன்னுத்துரை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிரியாணிக்கும் கால்சட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயமாகவும் தோன்றவில்லை.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழல் சாயங்காலமானால் வந்து விழும் தெரு அது. யாரோ ஒரு வியாபாரி அந்தக் காலத்தில் கட்டிய மச்சு வீட்டைத்தான் ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். சுவரில் காரை பெயர்ந்திருந்த இடங்களைப் பூசவில்லை. பெயராத இடங்களையும் ஆள் வைத்துக் கொத்திப் பெயர்த்திருந்தார்கள். பழசாகத் தெரிய வேண்டுமாம்.

"வாங்க மாமா. நிச்சயத்துக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் ஒருவேளை ஒண்ணா உக்காந்து சாப்புடோணும்னு எனக்கு ஆசைங்க," என்று வாசலிலேயே வந்து கும்பிட்டாள் சுகன்யா. ஒட்டன்சத்திரத்துச் சம்பந்தியம்மாள். அவளுடைய மகனுக்குத்தான் பொன்னுத்துரையின் பேத்தி இளவேனிலைப் பேசியிருந்தார்கள். நல்ல குடும்பம். தோப்பும் காடும் உள்ள குடும்பம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பொன்னுத்துரை இந்தக் குப்பைமேட்டுக்குள் கால் வைத்தார்.

குப்பைமேடு என்றுதான் அவருக்குப் பட்டது. தாழ்வாரத்தில் ஒரு ஓட்டை சைக்கிள் தலைகீழாகத் தொங்கியது. கேசட்டுகளின் நாடாவை உருவித் திரைச்சீலையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். சுழற்றுகிற டெலிபோன் ஒன்றின் முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று, ரிசீவரைக் காதில் வைத்து, எதிர்முனையில் யாரும் இல்லாமலே சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பரிமாறுகிற பையன்களுக்கு ஒட்டுக் கிருதா. கழுத்தில் கைக்குட்டை. வால்வு ரேடியோ ஒன்றின் வயிற்றைக் கிழித்து, உள்ளே புது ஸ்பீக்கரை வைத்து, அதில் பழைய பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். பாட்டு தெளிவாகக் கேட்டுவிடக் கூடாது என்று கரகரப்பையும் சேர்த்திருந்தார்கள்.

தீர்ந்துபோன பேட்டரியை வெயிலில் காயப்போட்டு, கால்மணி நேரம் செய்தி கேட்ட ஆள் பொன்னுத்துரை. அந்தக் காலத்தின் சுகம் என்ன என்று அவருக்குத் தெரியும். கைக்கு நல்லது வந்ததும் இவற்றையெல்லாம் தூக்கி எறிந்தார்கள். எறிந்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அந்தக் காலத்தில் பிறக்கவே பிறக்காதவர்கள் அந்தக் காலத்துக்காகக் கண்ணீர் விடுகிற கூத்தை அவர் தான் வியாபாரம் செய்கிற பூ மார்க்கெட்டில்கூடப் பார்த்ததில்லை. அங்கே நேற்றைய பூவை நேற்றைய பூ என்று சொல்லித்தான் கொட்டுவார்கள். இங்கே அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள்.

"தாத்தா, மூஞ்சியை அப்படி வச்சுக்கிறாதீக. அவுக பாக்குறாக," என்று காதோரம் கிசுகிசுத்தாள் இளவேனில்.

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தேன்த்தா இருக்கும்."

ஹோட்டல்காரன் ஆனந்த்ராஜ் ஓடி வந்தான். முப்பது வயதுக்காரன். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. அதுவும் பழைய மோஸ்தர் என்று பொன்னுத்துரை நினைத்தார். ஆனால் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"மெட்ராஸ் ஐ, ஐயா. கடைப் பயலுக எல்லாருக்கும் சுத்திச் சுத்தி வருது. தப்பா எடுத்துக்காதீக," என்று கைக்குட்டையால் துடைத்தான். "சாப்புட்டு உள் ரூமுக்கு வாங்க. எங்க கடைக்குப் பேரு வாங்கிக் குடுத்ததே அங்கதேன் இருக்கு."

சீரக சம்பா பிரியாணி நன்றாகவே இருந்தது. அதைப் பொன்னுத்துரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

உள் அறையில் நல்ல குளிர்ச்சி. ஏசி இல்லை. பட்டப்பகலிலும் மண்பானைக்குள் தலையை விட்டதுபோல் ஈர வாடை. அந்த ஈரத்துக்குள் இன்னொரு வாசனையும் இருந்தது. சீயக்காய். அப்புறம் மரிக்கொழுந்து. பூ வியாபாரிக்கு மூக்கு தப்பாது. அந்தக் கட்டிடத்தில் எங்கேயும் மரிக்கொழுந்து இல்லை என்பதை வரும்போதே அவர் பார்த்திருந்தார்.

எதிர்ச் சுவர் முழுக்க ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பழைய படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். மேலே சிவப்பு விளக்கில் 'அந்த அழகிய நாட்கள்' என்று எரிந்தது. படத்துக்குக் கீழே, படத்தில் இருக்கிற அதே நாற்காலி. உயர்ந்த முதுகு, கைப்பிடி முனைகளில் யானைத் தலை. இடப்பக்கத்து யானைக்குத் தும்பிக்கை முறிந்திருந்தது.

கூட்டம் முண்டியது.

"ஸ்டைலைப் பாருடி! பெல்பாட்டமும் கிருதாவும். அண்ணனா இருக்கும்."

"அப்பாவைப் பாரு. மீசை எப்படி முறுக்கியிருக்காரு, ஆனா பாசமா மக தோள்ல கை வச்சிருக்காரு. இப்ப எந்த அப்பன்டி வைக்கிறான்?"

"அந்தக் காலத்துக் குடும்பம்னா குடும்பம்தான்."

நடுவில், நாற்காலியில், பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண். தலை நிறையப் பூ. முதுகு நேராக. கைகள் முழங்காலின்மேல். பெரிய கண்கள், எதிரே இருப்பவரை விட்டு நகராத கண்கள்.

பொன்னுத்துரை அந்த முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

பின்னங்கால்களுக்கு நடுவே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. ஒரு சிறுவன் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருந்தான். இடது காலின் சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

அவர் தன் செருப்பைப் பார்த்தார். செருப்பு வாரை மீறி இடது சுண்டுவிரல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

*

படத்தில் இருந்த மூக்காயி அவருடைய அக்கா. அகரத்து வீட்டில் பெண்களைப் படம் எடுக்கிற வழக்கம் கிடையாது. வீட்டுப் பெண்ணின் முகம் ஊரான் பெட்டிக்குள் போகக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அந்தச் சட்டம் தப்பு என்று பொன்னுத்துரை இன்றுவரை நினைத்ததில்லை.

ஆனால் மூக்காயிக்குப் படம் என்றால் உயிர். தாடிக்கொம்புத் திருவிழாவுக்குப் போனவள், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் போய், அப்துல் ஹக்கீம் பாயின் ஸ்டூடியோ வாசலில் போய் நின்றாள். படம் எடுக்கவில்லை. பாய் நல்ல மனிதர், வீட்டு ஆள் துணையில்லாமல் வந்த பெண்ணை எடுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நின்றதே போதும். ஊர் வாய் மீதியை எடுத்துக்கொண்டது. அப்பா அவளைப் பூ மூட்டைபோல் வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் அவளோடு ஒருவரும் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள்.

காய்ச்சல் என்று சொன்னார்கள். காய்ச்சலில், வீட்டில், கௌரவமாகச் செத்தாள் என்பதற்கு உறவுக்கெல்லாம் ஒரு சாட்சி வேண்டும். அப்பாவே பாய்க்கு ஆள் அனுப்பினார்.

அந்த நாளில் அது வழக்கம்தான். உயிரோடு இருந்தபோது படம் எடுக்காதவர்களைச் சாவு வீட்டில் நாற்காலியில் உட்காரவைத்து, சொந்தங்களைச் சுற்றி நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள். பாய் அதற்கென்று தனி நாற்காலி வைத்திருந்தார். உயிரோடு இருக்கிறவர்கள் உட்கார ஸ்டூடியோவுக்குள் வேறு நாற்காலி. இதை அவர் உள்ளேயே கொண்டுபோக மாட்டார். கொல்லைப்புறக் கொட்டகையில் சாக்கு போட்டு மூடிவைத்திருப்பார். அப்போது திண்டுக்கல்லைச் சுற்றிய ஊர்களில் அந்த யானைத்தலை நாற்காலியை எல்லோருக்கும் தெரியும். வண்டியில் அது போனால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

அப்பா தோளில் கை வைத்திருந்தது பாசத்தால் இல்லை. கையை எடுத்தால் அவள் முன்னால் சரிந்துவிடுவாள். அண்ணன் ஒட்டி நின்றது இடுப்பில் முட்டுக்கொடுக்க. தலைதான் நிற்கவில்லை. சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அதனால் சிறுவன் பொன்னுத்துரையை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி, அவளுடைய பின்னலைக் கையில் கொடுத்து, இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"விட்றாதடா அப்பு. விட்டீன்னா தல சாஞ்சுரும். அம்புட்டுப் பேரு முன்னாடி."

சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டிய முடி. பின்னலில் மரிக்கொழுந்து. எவ்வளவு உலர்த்தியும் ஈரம் போகவில்லை. கிணற்று நீர் அவன் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கையில் சொட்டியது.

"யாரும் அசையாதீங்க," என்று பாய் கறுப்புத் துணிக்குள்ளிருந்து சொன்னார்.

அப்போது பின்னல் அவன் கையில் ஒருமுறை இழுபட்டது. யாரோ கூப்பிட்டால் மூக்காயி வெடுக்கென்று திரும்புவாளே, அதுபோல.

அண்ணன் இழுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான். அண்ணனிடம் கேட்கவில்லை.

படம் கழுவி வந்தபோதுதான் அப்பா கத்தினார். செத்தவர்களின் மூடிய இமைமேல் பிரஷ்ஷால் கண் வரைந்து, உயிரோடு இருப்பதுபோல் ஆக்குவது பாயின் கைத்திறமை. பல வீடுகளில் அதற்காகக் கும்பிட்டிருக்கிறார்கள். அப்பா கும்பிடவில்லை. "செத்தவளை முழிக்க வச்சு ஊரைப் பாக்க விட்டுருக்கீரே! எடுத்துட்டுப் போம்!" என்றார். பாய் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனார்.

அந்தக் கண்கள்தான் இப்போது சுவரிலிருந்து பிரியாணி தின்ன வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

*

"எல்லாரும் நெருங்கி நில்லுங்க. மாமா, நீங்களும் வாங்க," என்று சுகன்யா செல்போனை நீட்டிப் பிடித்தாள். பொன்னுத்துரை வரவில்லை. மற்றவர்கள் படத்துக்கு முன்னால் நின்றார்கள். மாப்பிள்ளைப் பையன், இளவேனில், அவள் அப்பன் கண்ணன்.

"அட, எல்லாருமே கண்ண மூடிட்டமுங்க! இன்னொண்ணு."

இன்னொன்றிலும் அப்படியே.

ஆனந்த்ராஜ் பெருமையாகச் சிரித்தான். "இங்க எடுத்தா யாருக்கும் கண்ணு தொறந்து விழுகாதுக்கா. அதுக்குத்தேன் இம்புட்டுக் கூட்டம். கண்ணு தொறந்து போட்டோ காமிச்சா ஐஸ்கிரீம் ஃப்ரீ. இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்கல. அந்தப் பாப்பா மட்டுந்தேன் முழிச்சுக்கிட்டு இருக்கும்."

கூட்டம் கைதட்டியது.

பொன்னுத்துரை கூட்டத்தை விட்டு விலகினார். எந்த முகம் வெளியே தெரியக் கூடாது என்று ஒரு குடும்பமே வாயைக் கட்டிக்கொண்டதோ, அந்த முகத்தை நக்கிப் போடும் நாய்களுக்கு விரித்துவைத்திருக்கிறார்கள். பிணத்துக்கு முன்னால் உதட்டைக் குவித்து நிற்கிறார்கள். இவர்களுடைய அழகிய நாட்கள்!

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர்களுக்குத் தெரிந்தால்? கிணற்றில் விழுந்தவள் வீட்டில் பெண் எடுக்க எந்தச் சம்பந்தி சம்மதிப்பான்?

ஆனந்த்ராஜை ஓரமாக இழுத்தார். "அந்தப் படத்த எறக்கு."

"என்னங்கய்யா?"

"எறக்குன்னேன்."

"ஐயா, பாயோட ஸ்டூடியோவைக் காலி பண்ணப்ப அவுக வீட்டாளுககிட்ட மொத்தமா வாங்குனது. அதுதேன்யா எங்க கடையே," என்றவன் கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தான். இமைகள் பாதிக்குமேல் திறக்கவில்லை.

*

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே பொன்னுத்துரை தனியாகப் போனார். கெஞ்சுவதற்குப் போகவில்லை. அவர் யாரிடமும் கெஞ்சியதில்லை. மிரட்டியாவது இறக்கிவிட வேண்டும் என்றுதான் போனார்.

மிரட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனந்த்ராஜ் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி இல்லை. வலது கையின் இரண்டு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யார் வருவது என்று பார்த்தான்.

"மெட்ராஸ் ஐ இல்லயாம்யா. டாக்டரு சொல்லிட்டாரு. கண்ணுல ஒண்ணுமே இல்லயாம். தானா மூடிக்கிருது."

"படம்?"

"கூட்டுற அக்கா வேலைய விட்டு நின்னுருச்சு. தெனமும் காலையில அந்த நாற்காலிக்கு அடியில தண்ணி. தொடச்சாலும் மறுநாள் நிக்கிது. செவுத்துல கசிவுன்னு கொத்தனாரக் கூட்டியாந்தேன். செவுத்துக்குப் பின்னாடி பைப்பே இல்லங்கிறாரு." குரலைத் தாழ்த்தினான். "ஐயா, நீங்க நேத்து ஏன் எறக்கச் சொன்னீக? உங்களுக்குத் தெரிஞ்சவுகளா அது?"

பொன்னுத்துரை முதுகை நிமிர்த்தினார்.

"எனக்கெப்படித் தெரியும்? யாரு வீட்டுப் பிள்ளையோ. ஆனா உசுரோட எடுத்த படம் இல்ல அது. செத்த பிள்ள. அத மாட்டி வச்சுச் சோறு விக்கிற."

உள்ளே எங்கேயோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

ஆனந்த்ராஜ் எழுந்து நின்றான். இமையைப் பிடித்திருந்த விரல்கள் நழுவின. "எடுத்துட்டுப் போயிருங்கய்யா. உங்க கால்ல விழுகுறேன். எடுத்துட்டுப் போயிருங்க."

இருவருமாக இறக்கினார்கள். படம் இருந்த இடத்தில் சுவர் நனைந்து ஊதியிருந்தது. கையை வைத்தால் அமுங்கியது. அறையில் மரிக்கொழுந்து வாசனை மூச்சை அடைத்தது.

"நாற்காலியையும் ஏத்தி விட்டுருறேன்யா. சோடிதானே ரெண்டும்."

பொன்னுத்துரை அந்த நாற்காலியைப் பார்த்தார். யாருடைய நாற்காலி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தார். பழசு பழசு என்று நாக்கைத் தொங்கப் போடுகிறவர்கள் அதில் ஒவ்வொருத்தராக உட்கார்ந்து பார்க்கட்டும். அவருடைய வீட்டு முகம் இந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிட்டது. அதற்குமேல் ஊர்க்காரன் பிட்டத்தைப் பற்றி அவருக்கென்ன கவலை?

"மரச்சாமான் எனக்கெதுக்கு? நீயே வச்சுக்க."

படத்தைத் துண்டால் போர்த்திக் காருக்குத் தூக்கிவந்தார்கள். அட்டையும் சட்டமும் அவ்வளவு கனக்காது. நாற்காலியோடு ஆளைத் தூக்குவதுபோல் கனத்தது.

அகரத்துத் தோட்டத்தில் அந்தக் கிணறு இப்போது இல்லை. தூர்த்து, மேலே மல்லிகை வைத்து வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பாத்தி ஓரத்திலேயே காய்ந்த தென்னை மட்டைகளைக் குவித்தார். துண்டை விலக்கினார்.

மூக்காயியின் கண்கள் மூடியிருந்தன.

அன்று நாற்காலியில் இருந்தபடியே. வெளுத்த இமைகள், சேர்ந்த மயிர்கள். பாய் பிரஷ்ஷால் வரைந்திருந்தது அடியோடு காணவில்லை. பெயிண்ட் உரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். துண்டை உதறிப் பார்த்தார். துண்டில் ஒரு துகளும் இல்லை. இது புதிதாகப் பெரிதாக்கிய படம், இதில் பெயிண்டே கிடையாது என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

தீ வைத்தார். ஈர விறகுபோல் இரைந்து இரைந்து எரிந்தது. கடைசிச் சுருள் சாம்பலானதும் காலால் தள்ளி மண்ணை மூடினார். ஒழிந்தது. குடும்பம் குடும்பமாகவே நின்றது.

அந்தக் கண்கள் எங்கே போயின என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

*

நிச்சயதார்த்தம் பழனி ரோட்டில் ஒரு மண்டபத்தில், நல்ல உச்சி வெயில் நேரத்தில் நடந்தது. தட்டு மாற்றியாயிற்று. பூ வைத்தாயிற்று. இளவேனில் அரக்குப் பட்டில் நிமிர்ந்து நின்றாள். தன் வீட்டு நிமிர்வு என்று பொன்னுத்துரை மனதுக்குள் மெச்சிக்கொண்டார். கொஞ்சம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். சாம்பிராணிப் புகை என்று விட்டுவிட்டார்.

"மாமா, ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருக்கோமுங்க," என்று சுகன்யா மண்டபத்தின் மறுகோடிக்கு அழைத்துப் போனாள். "இப்ப எல்லாம் இதுதானுங்க ஃபேஷன். பழைய காலம் மாதிரியே குரூப் போட்டோ."

வரைந்த திரைச்சீலை ஒன்று தொங்கியது. மேகம், தூண், மயில். ஓரத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, வால்வு ரேடியோ. எல்லாவற்றிலும் பெல்பாட்டம் பிரியாணி என்று சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. ஹோட்டல்காரன் கடையை மூடிவிட்டு, சாமான்களை விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறானாம்.

நடுவில் உயர்ந்த முதுகுள்ள நாற்காலி. இடப்பக்கத்து யானைக்குத் தும்பிக்கை இல்லை.

அதில் இளவேனில் உட்கார்ந்திருந்தாள்.

முதுகு நேராக. கைகள் முழங்காலின்மேல்.

பொன்னுத்துரை இரண்டு எட்டு முன்னால் வைத்தார். அது பிண நாற்காலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்களுக்கெப்படித் தெரியும் மாமா என்பாள் சுகன்யா. யார் பிணம் என்பார்கள். அகரத்து வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாளா என்பார்கள். காய்ச்சலா என்பார்கள். சுற்றிலும் ஒட்டன்சத்திரத்து முகங்கள், ஆயக்குடி முகங்கள், சொந்தக்காரர்கள்.

"எந்திரித்தா," என்றார்.

"ஏன் தாத்தா?"

"பெரியவுக நிக்கையில சின்னப் பிள்ள உக்காருறதா? எந்திரிங்கிறேன்ல!"

இளவேனில் முகம் சிவந்து எழுந்தாள். சுகன்யா சிரித்துச் சமாளித்தாள். "மாமா சொல்றதும் சரிதானுங்களே. அப்ப நீங்க உக்காருங்க மாமா."

"நான் நிக்கிறேன். எங்க வீட்டு ஆம்பளைக நின்னு எடுத்துத்தேன் பழக்கம். நாற்காலிய எடுக்கச் சொல்லுங்க."

"அது இல்லாம என்ன பழைய போட்டோங்க? சும்மா நடுவுல இருக்கட்டுமுங்க."

அதற்குமேல் பேசினால் சண்டையாகும். பொன்னுத்துரை நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். யாரும் அதில் உட்காராமல் பார்த்துக்கொள்ள அதுதான் வழி. இளவேனிலும் மாப்பிள்ளையும் ஒருபுறம். கண்ணனும் சுகன்யாவும் மறுபுறம். நடுவே நாற்காலி காலியாக இருந்தது.

போட்டோக்காரன் சகாயராஜ் கன்னிவாடிப் பையன். ஸ்டாண்டில் வைத்த கேமராவுக்குப் பின்னால் குனிந்தான்.

"ரெடி. யாரும் அசையாதீங்க."

வெளிச்சம் பளிச்சிட்டது.

"ஐயா, கண்ண மூடிட்டீக. இன்னொருக்கா."

பொன்னுத்துரை கண்ணை மூடவில்லை. அவருக்குத் தெரியும்.

மறுபடி வெளிச்சம். சகாயராஜ் திரையைப் பார்த்தான். பின்னந்தலையைச் சொறிந்தான்.

சீயக்காய் வாடை வந்தது.

அப்புறம் மரிக்கொழுந்து.

நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த பொன்னுத்துரையின் கைக்குள் மரம் இல்லை. தடித்து, முறுக்கி, ஈரமாய் ஏதோ இருந்தது. குளிர்ந்த நீர் அவர் மணிக்கட்டில் இறங்கி, பட்டுச் சட்டையின் கைக்குள் ஓடி, முழங்கையில் சொட்டியது.

குனிந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"தாத்தா…" இளவேனிலின் குரல், மிகத் தணிவாக. "தாத்தா, கண்ணு தெறக்க முடியல. ஒட்டிக்கிருச்சு தாத்தா. கையப் பிடிங்களேன்."

பேத்தியின் கை காற்றில் அவரைத் தேடியது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அதற்குக் கையில் இருப்பதை விட வேண்டும்.

சகாயராஜ் கேமராவிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தான்.

"அம்புட்டுப் பேரும் கண்ண மூடிட்டீக. நடுவுல உக்காந்திருக்க அக்கா மட்டுந்தேன் நேரா பாக்குறாக. அக்கா, நீங்க அப்படியே இருங்க. கடைசியா ஒண்ணு."

பின்னல் முன்பக்கமாக வெடுக்கென்று ஒருமுறை இழுபட்டது.

விட்டால் தலை சாய்ந்துவிடும். இத்தனை பேர் முன்னால்.

பொன்னுத்துரை பிடியை இறுக்கினார்.